வருசநாட்டுக்கு மாற்றலாகி வரும் செல்போனுக்கு

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த தம்பிக்கு,

தேனியில் பஸ் ஏறி, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாட்டில் இறங்குவதற்குள் நீ படித்து முடிக்கவேண்டிய குறிப்புகள் இவை. சென்னையில் தெருவுக்கொரு டவர் பார்த்து வளர்ந்தவன் நீ. இங்கே மேற்கே மேகமலைத் தொடர், கிழக்கே ஆண்டிபட்டி மலை, நடுவில் மூல வைகை, அங்கங்கே இலவந்தோப்பு. மாற்றல் உத்தரவோடு இந்தப் பக்கம் வரும் மனிதர்கள், வந்த வாரமே திரும்பிப் போக ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். உனக்கு அந்த வழி கிடையாது. உன்னை வாங்கியவர் தவணை கட்டி முடிக்கும்வரை இங்கேதான் கிடந்தாக வேண்டும்.

பதவியேற்கும் முன் உன் வேலை என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள். டவர் அனுப்புவதை வாங்கிக் காதில் சொல்வதுதான் வேலை என்று நினைத்து வந்திருப்பாய். அது எளிய பாதி. நடுவில் நிற்கும் மலைகள் அந்த அலையை என்ன பாடு படுத்தின என்று கண்டுபிடித்து, அந்தப் பாட்டையெல்லாம் நீக்கி, அனுப்பியது என்னவென்று மீட்டெடுப்பதுதான் மீதிப் பாதி. சம்பளம் அதற்குத்தான்.

டவரிலிருந்து கிளம்பும் அலை ஒன்று நேராக உன்னிடம் வருகிறது. அதுவே பக்கத்து மலையில் மோதிச் சற்றுப் பிந்தி வருகிறது. எதிர் மலையில் மோதியது அதற்கும் பிந்தி வருகிறது. எந்த அலை எவ்வளவு பிந்தி, எவ்வளவு மெலிந்து வந்தது என்கிற முழுக் கணக்குக்குத்தான் உன் துறையில் சேனல் என்று பெயர். 2ஜி-யில் ஒரு பிட்டின் ஆயுள் 3.69 மைக்ரோ நொடி. அதற்குள் ரேடியோ அலை 1.1 கிலோமீட்டர் போய்விடும். ஆக, மலை சுற்றி நான்கரை கிலோமீட்டர் கூடுதலாக அலைந்து வந்த எதிரொலி, நேரே வந்ததைவிட நான்கு பிட் பின்தங்கியிருக்கும். நீ பத்தாவது பிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆறாவது பிட் வந்து அதன் தலைமேல் விழும்.

இது உனக்கு மட்டும் நேரும் கொடுமை என்று எண்ணாதே. 1980-களில் ஐரோப்பியர்கள் ஜி.எஸ்.எம். முறையை வகுத்தபோதே மலைநாட்டுக்கென்று தனியாக ஒரு மாதிரிச் சேனல் எழுதி வைத்தார்கள். அதில் முதல் கூட்டம் எதிரொலிகள் 1.3 மைக்ரோ நொடிக்குள் வந்து முடிந்துவிடும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 15 முதல் 20 மைக்ரோ நொடிக்குள் இரண்டாவது கூட்டம், தூரத்து மலையில் மோதியவை, மெதுவாக வந்து சேரும். 20 மைக்ரோ நொடி என்றால் 6 கிலோமீட்டர் கூடுதல் பயணம். எழுதியவர்கள் மயிலாடும்பாறையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வருசநாட்டு ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

அலோ என்னும் செலவு

சென்னையில் இந்தக் கணக்கை நீ எப்படிப் போட்டாய் என்று நினைவிருக்கிறதா? அங்கே உனக்கு உதவி இருந்தது. இங்கேயும் இருக்கிறது, ஆனால் இந்தக் கையேட்டில் அதை உன்னிடமிருந்து பிடுங்கப் போகிறோம். அதற்கு முன் அது என்ன உதவி என்று பார்த்துவிடு.

இந்த ஊரில் போன் பேசும் யாரையும் கவனி. விஷயத்துக்கு வருமுன் "அலோ... அலோ... கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்பார்கள். அந்த அலோவுக்குள் செய்தி எதுவும் இல்லை. எதிர்முனைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் அது. தெரிந்த சொல் எப்படிச் சிதைந்து வருகிறது என்று பார்த்துத்தான், தெரியாத சொற்கள் எப்படிச் சிதையும் என்று காது பழகிக்கொள்கிறது. டவரும் உன்னிடம் அதையே செய்கிறது. 2ஜி-யில் ஒவ்வொரு துண்டும் 148 பிட். அதன் நடு மத்தியில் 26 பிட் டவருக்கும் உனக்கும் முன்பே தெரிந்தவை. பயிற்சி வரிசை என்பது அதன் பெயர். அதை நடுவில் வைத்ததிலும் ஒரு யோசனை இருக்கிறது: முன்னாலும் பின்னாலும் உள்ள பிட்டுகள் அதிலிருந்து அதிக தூரம் விலகாமல் இருக்கும், அதற்குள் மலை மாறியிருக்காது. 4ஜி-யில் இந்த அலோவைப் பொடிப்பொடியாக்கித் தூவிவிட்டார்கள். 168 கட்டத்துக்கு 8 கட்டம் ஓர் ஆன்டெனாவுக்கு. இரண்டு ஆன்டெனா என்றால் 16. பைலட் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். 148-இல் 26 என்றால் நூற்றுக்குப் பதினேழரைக்கு மேல். விலைகொடுத்து ஏலமெடுத்த அலைக்கற்றையில் இத்தனையும் அலோ சொல்வதற்கே போகிறதா? அலோவே சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடலாமே, கேட்பவன் தானாகப் புரிந்துகொள்ள மாட்டானா என்று கேட்ட ஒரு கூட்டம் ஐம்பது ஆண்டுகளாக உண்டு. அவர்கள் வளர்த்த கலைக்குப் பெயர் பிளைண்ட் எஸ்டிமேஷன். நாம் கண்கட்டுக் கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியது என்ன என்று தெரியாது. மலை என்ன செய்தது என்றும் தெரியாது. கையில் இருப்பது வந்து சேர்ந்த குழப்பம் மட்டும். அதிலிருந்து இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். பெருக்கி வந்த விடை 12 என்றால் பெருக்கிய எண்கள் எவை என்று கேட்பதுதான் இது. மூன்றும் நான்குமா, இரண்டும் ஆறுமா? கூடுதலாக ஏதாவது தெரிந்திருந்தால் ஒழியச் சொல்ல முடியாது.

அந்தக் கூடுதல் என்ன என்பதில்தான் இனி வரும் அறிவுரைகள் அத்தனையும்.

அனுப்புகிறவரின் குணத்தைப் பிடி

என்ன பேசுகிறார் என்று தெரியாவிட்டாலும் எப்படிப் பேசுவார் என்று தெரிந்தால் போதும். ஜி.எஸ்.எம். டவருக்கு ஒரு குணம் உண்டு. அது அனுப்பும் அலையின் உயரம் மாறவே மாறாது. செய்தியெல்லாம் அலையின் கட்டம் (ஃபேஸ்) திரும்புவதில் இருக்கிறது. மலைகளின் எதிரொலிகள் வந்து கலந்ததும் அந்த உயரம் ஏறி இறங்க ஆரம்பிக்கும். ஆகவே உனக்குள் இருக்கும் ஃபில்டரைத் திருகிக்கொண்டே இரு. வெளியே வரும் அலை எப்போது பழையபடி ஒரே உயரத்துக்கு வருகிறதோ, அப்போது மலையை நீக்கிவிட்டாய் என்று பொருள். ஒரு சொல்கூடப் புரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பாதையைத் திறந்தவர் ஜப்பானின் யோய்ச்சி சாட்டோ, 1975-இல். அதை ஊரறிய வைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் தொமினிக் கொதார், 1980-இல். அவருக்கு வந்த தலைவலி செல்போனால் வந்ததில்லை. ஒரு தலைமைக் கணினியும் அதன் பல கிளைகளும் ஒரே தொலைபேசி வழியில் மோடம் வைத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிளையின் இணைப்பு மட்டும் அறுந்து மீண்டால், அந்த ஒன்றுக்காகத் தலைமை மோடம் மற்றக் கிளைகள் அனைத்தின் பேச்சையும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து அலோ சொல்லவேண்டும். ஒருவர் தூங்கி எழுந்ததற்காக ஊரையே நிறுத்துவதா என்று யோசித்துத்தான், தாமதமாக வந்தவன் தானே கேட்டுப் புரிந்துகொள்ளட்டும் என்று அவர் வழி செய்தார். கண்கட்டுக் கணிப்புக்கு நியாயமான காரணம் இதுதான்: மிச்சம் பிடிப்பதைவிட, அலோ சொல்ல ஆளில்லாத இடத்தில் சமாளிப்பது. அதன்பின் 1983-இல் டிரைக்லரும் ஏஜீயும் அமெரிக்காவில் இதே யோசனையை எஃப்.எம். அலைகளின் எதிரொலியை நீக்கப் பயன்படுத்தி, மாறா உயர முறைக்கு நிலையான பெயர் வாங்கித் தந்தார்கள்.

சாட்டோவின் கட்டுரை வந்த அதே 1975-இல் தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற அமெரிக்கர், 1921-இல் இறந்துபோன இத்தாலியப் பாடகர் கருசோவின் பழைய இசைத்தட்டுகளைச் சீர்செய்து காட்டினார். அந்தக் காலத்துத் தகர ஊதுகுழல் வழியாகப் பதிந்த குரல் அது. ஊதுகுழல் குரலை எப்படிக் கெடுத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஸ்டாக்ஹாம் என்ன செய்தார் தெரியுமா? அதே பாடலை நல்ல மைக்கில் பாடிய பிற்காலத்துப் பாடகரின் பதிவை எடுத்துக்கொண்டு, சராசரியாக ஒரு குரல் இப்படித்தான் ஒலிக்கவேண்டும் என்று கணித்து, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் ஊதுகுழலின் வேலை என்று தீர்த்துக் கழித்துவிட்டார். மலையைக் கண்ணால் பார்க்காமல் மலையைக் கழிக்கும் வித்தை தகர ஊதுகுழலுக்கும் பலித்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த முறை ஓரளவு உயரம் சமமானதும் திருப்தியாகி அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. இதைவிட நல்ல விடை பக்கத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியப்படுத்தவும் ஆளில்லை. அரைகுறைத் திருப்தியில் நிற்பவனை எழுப்புவது எங்குமே கடினம்.

இரண்டு காதையும் திற

உன் உடம்பில் ஆன்டெனா ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 900 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 16.7 சென்டிமீட்டர். உன் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மேல் காதும் கீழ்க் காதும் கேட்கும் மலை ஒன்றாக இருக்காது.

இதில்தான் இந்தத் துறையின் மிக அழகான தந்திரம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார். முதல் காதில் விழுந்ததை எடுத்து, இரண்டாம் காதின் மலை வழியாக ஒருமுறை அனுப்புவதாகக் கற்பனை செய். இரண்டாம் காதில் விழுந்ததை முதல் காதின் மலை வழியாக அனுப்பு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். ஏனென்றால் பேசியவர் ஒருவரே. இப்போது இரண்டு பேச்சும் இரண்டு மலையையும் தாண்டிவிட்டன. இந்தச் சமன்பாட்டை உற்றுப் பார்த்தால் அனுப்பிய செய்தியே அதில் இல்லை. கழன்று போய்விட்டது. மீதி நிற்பவை இரண்டு மலைகள் மட்டும். உன் கையில் இருப்பதை வைத்தே அவற்றைத் தீர்த்துவிடலாம்.

இதற்கு முன்புவரை ஆய்வாளர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். ஒரு காதால், பிட்டுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால், சாதாரணச் சராசரிகளை வைத்துச் சேனலின் கட்டத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. உயர்படிச் சராசரிகள் வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் மாதிரி வேண்டும் என்பது நம்பிக்கை. லாங் டோங், குவாங்கான் ஷூ, ஸ்டான்ஃபோர்டின் தாமஸ் கைலாத் மூவரும் 1991-இல் சுருக்கமாகவும் 1994-இல் விரிவாகவும் அதை உடைத்தார்கள். பிட்டுக்கு ஒருமுறைக்குப் பதில் இருமுறை கேள், அல்லது இரண்டு காதால் கேள். சாதாரணச் சராசரியே போதும். கைலாத், புனேவில் பிறந்த மலையாளி. அவருடைய குழுவில் போய்ச் சேர்ந்தவர்தான் நம் பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். 1971 போருக்குப் பிறகு இந்தியக் கடற்படையின் சோனார் கருவிகளைச் சீர்செய்தவர். நீர்மூழ்கிகள் அலோ சொல்லிவிட்டு வருவதில்லை. சொல்லாமல் வருபவர்களை வெறும் காதால் கண்டுபிடிக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே இருந்திருக்க வேண்டும். பல ஆன்டெனா வைத்து ஒரே அலைவரிசையில் பல பேச்சை அனுப்பும் மைமோ முறைக்குக் கைலாத்தும் அவரும் வாங்கிய காப்புரிமை 1994-இல் வந்தது. அதே பத்தாண்டில் பால்ராஜின் குழு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பேச்சுகளைப் பயிற்சி வரிசை இல்லாமல் பிரிக்கவும் வழி எழுதியது. டிஜிட்டல் அலைக்குச் சில மதிப்புகள்தான் உண்டு, நடுவில் எதுவும் கிடையாது என்கிற ஒரே தகவலை வைத்துக்கொண்டு. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. நீ நான்கு ஆன்டெனாவோடு திரிவதில் பொள்ளாச்சிக்கும் பங்குண்டு. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலை உனக்கு முழுக்க அந்நிய மண் என்று சொல்லிக்கொள்ளாதே.

அழகான தந்திரத்துக்கு நிபந்தனைகளும் உண்டு. இரண்டு காதும் ஒரே இடத்தில் ஒரேபோலச் செவிடாக இருக்கக்கூடாது. இருந்தால் அந்தக் குறை மலையால் வந்ததா, பேசியவரே அங்கே மௌனமாக இருந்தாரா என்று பிரிக்க முடியாது. இன்னொன்று, எதிரொலி எத்தனை பிட் நீளம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைத்துச் சொன்னாலும் கெட்டது, கூட்டிச் சொன்னாலும் கெட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவனிடம், கட்டை அவிழ்க்கும் முன் மலையின் அகலத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். கட்டுரைகளில் இது ஒரு வரியில், அனுமானம் என்ற தலைப்பில் வந்துபோகும்.

ஆமாவா, இல்லையா

எல்லாம் சரியாகக் கணித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒன்றை மட்டும் உன்னால் கண்டுபிடிக்கவே முடியாது. திறமைக் குறைவால் இல்லை, கணக்கே அப்படி. அனுப்பியவர் அத்தனை பிட்டையும் தலைகீழாக்கி, மலையும் அலையைத் தலைகீழாக்கியிருந்தால், உன்னிடம் வந்து சேர்வது அதேதான். கழித்தல் இன்டு கழித்தல் கூட்டல். ஆகவே நீ மீட்டெடுத்த பேச்சு நேராக இருக்கிறதா, புரண்டிருக்கிறதா என்று உனக்குத் தெரியாது. எல்லாச் சுழியும் ஒன்றாகவும், எல்லா ஒன்றும் சுழியாகவும் மாறிய செய்தி "வா" என்பதை "போ" என்று மாற்றிச் சொல்லாது. வெறும் குப்பையாக வரும். அதுவே பரவாயில்லை, குப்பை என்றாவது தெரிகிறது.

இதற்கு இரண்டு மருந்து. பிட்டை அனுப்பாமல், முந்தைய பிட்டிலிருந்து மாறியதா இல்லையா என்பதை மட்டும் அனுப்பலாம். மொத்தமும் புரண்டாலும் மாற்றம் மாற்றமாகவே இருக்கும். இன்னொரு மருந்து, ஒரே ஒரு தெரிந்த பிட். அதாவது ஒரே ஒரு அலோ. இத்தனை தூரம் அலோவே வேண்டாம் என்று மலையேறி வந்துவிட்டு உச்சியில் நின்று ஒரு அலோ கேட்கிறோம். ஆய்வாளர்கள் இதற்கு வெட்கப்படவில்லை. செமி-பிளைண்ட் என்று பெயர் வைத்து அதிலேயே தனிக் கட்டுரைகள் எழுதினார்கள். உள்ளதில் உருப்படியான வழி அதுதான் என்பது என் எண்ணம். கொஞ்சம் சொல்லிவிட்டு மீதியை ஊகிக்க விடுவது.

பஸ் நகர்ந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் நீ ஒரு பாறையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால். டவர் எடுக்கும் பாறை என்று ஒன்று எந்த மலையூரிலும் இருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பாய். பஸ்ஸில் போகும்போது கதை வேறு.

சராசரியை நம்பும் எந்த முறைக்கும் மாதிரிகள் வேண்டும். குறைந்தது ஆயிரம் பிட் என்று வை. 2ஜி-யில் உனக்கு 148 பிட் துண்டு ஒன்று கிடைத்தால், அடுத்தது 4.6 மில்லி நொடி கழித்துத்தான் வரும்; நடுவில் மற்ற ஏழு பேருக்கு முறை. ஆயிரம் பிட் சேர ஏழு துண்டு வேண்டும், அதற்கு 28 மில்லி நொடி. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பஸ் அதற்குள் ஓர் அடி நகர்ந்துவிடும். ஓர் அடியில் என்ன கெட்டுவிடும் என்கிறாயா? உன் அலைநீளமே ஓர் அடிதான். ஒரு சாண் நகர்ந்தாலே எதிரொலிகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்திலிருந்து சேரும் இடத்துக்குப் போய்விடுகிறாய். நீ சிரமப்பட்டுக் கண்டுபிடித்த மலை பின் சீட்டில் இருக்கும். நீ முன் சீட்டில் இருப்பாய்.

இதைப் பயணிகள் உன்னைவிட நன்றாக அறிவார்கள். "என்னண்ணே, டவர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், "இப்பத்தேன் ஒரு கோடு வந்துச்சு, பாக்குறதுக்குள்ள போயிருச்சு" என்று பதில் வரும். சேனலின் ஆயுட்காலம் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. அந்த 26 பிட் அலோவோ, இந்த அவசரத்திலும் துண்டுக்குத் துண்டு, ஏறத்தாழ அரை மில்லி நொடியில் கணக்கை முடித்துக் கொடுத்துவிடுகிறது. 2ஜி-யில் கண்கட்டுக் கணிப்பு ஏட்டளவில் நின்று, பயிற்சி வரிசை ஊருக்குள் வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

4ஜி-யில் உன் நிலை இன்னும் மோசம். அங்கே நூற்றுக்கணக்கான சிறு அலைகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்கி அனுப்புகிறார்கள். கலந்த பிறகு அதன் உயரத்தில் எந்த ஒழுங்கும் மிஞ்சாது. இரைச்சலைப் போலவே இருக்கும். மாறா உயரத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கொதாரின் முறை இங்கே பிடிக்க ஒன்றுமில்லாமல் நிற்கும். ஆனால் ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறார்கள். 66.7 மைக்ரோ நொடி நீளமுள்ள ஒவ்வொரு குறியீட்டின் வாலையும் பிரதி எடுத்து, 4.7 மைக்ரோ நொடி அளவுக்கு அதன் தலையிலும் ஒட்டி அனுப்புவார்கள். எதிரொலி வந்து விழுந்தால் அந்த ஒட்டுப்பகுதியில் விழட்டும் என்பதற்காக. ஒரே விஷயத்தை இரண்டுமுறை சொன்னால் கேட்பவனுக்கு அதுவே தடயம். அதைப் பிடித்துக்கொண்டு சேனலைக் கணிக்கும் முறைகளும் உண்டு. சொல்லப்போனால் 4.7 மைக்ரோ நொடி என்பது 1.4 கிலோமீட்டர்தான். 5 கிலோமீட்டர்வரை தாங்கும் 16.7 மைக்ரோ நொடி ஒட்டும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது; பெரும்பாலான வலைப்பின்னல்கள் சின்னதையே வைத்துக்கொள்கின்றன. உன் மலை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை.

மழைமேல் பழி போடாதே

ஊருக்குள் உன்னைப் பற்றிச் சில வதந்திகள் உலவும். மழை பெய்தால் டவர் போய்விடும் என்பது அதில் ஒன்று. 900 மெகாஹெர்ட்ஸில் மழைத்துளி உன் அலையை ஒன்றும் செய்துவிடாது. உன் அலைநீளத்துக்கு முன் துளி தூசு. மழையோடு கரண்ட் போவதும், டவரின் பேட்டரி தீர்வதும்தான் பெரும்பாலும் காரணம். நனைந்த இலை வேறு விஷயம், அது அலையைக் குடிக்கும். அந்த வகையில் இலவமரம் உனக்கு நண்பன். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கொப்போடு காய் வெடிக்க நிற்கும் மாதங்களில், தோப்புக்குள் இருக்கும் உனக்குச் சேனல் கொஞ்சம் தெளிவாக இருக்கும். மழைக்காலத்தில் போட்ட கணக்கைப் பங்குனிக்கு எடுத்து வராதே.

இன்னொரு வதந்தி, மலையுச்சிக்குப் போனால் நன்றாக எடுக்கும் என்பது. கோடு நிறையக் காட்டும், உண்மைதான். ஆனால் உச்சியில் நின்றால் இந்தப் பக்கத்து டவரோடு கம்பம் பள்ளத்தாக்கின் டவர்களும் சேர்ந்து கேட்கும். ஜி.எஸ்.எம்.மில் பயிற்சி வரிசைகள் மொத்தமே எட்டு. இரண்டு டவர் ஒரே அலைவரிசையில் ஒரே வரிசையைச் சொன்னால், யாருடைய அலோ என்று தெரியாமல் இரண்டு மலையையும் கூட்டி ஒரே மலையாக எழுதிவைப்பாய். 2010-இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் எழுதிக் காட்டினார். டவரில் எத்தனை நூறு ஆன்டெனா வைத்தாலும், பக்கத்து டவரின் ஆட்கள் அதே பைலட்டைச் சொன்னால் அந்தக் கறை போகாது. அதற்குப் பின் சில ஆண்டுகளில், ஓய்ந்துபோன கண்கட்டுக் கணிப்பைத் தூசு தட்டி எடுத்தார்கள். அலோவை நம்ப முடியாதபோது பேச்சையே கேட்டுப் பிரிக்கலாம் என்று. ஐம்பது வருடத்துச் சண்டையில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்த திருப்பம். பள்ளத்தில் இருக்கும் உனக்குப் பக்கத்து டவரின் கவலை குறைவு. மேகமலைத் தொடர் கம்பத்தின் சத்தத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நீ திட்டிக்கொண்டே இருக்கும் மலை உனக்குச் செய்யும் உபகாரம் அது.

கேட்கவே ஒன்றுமில்லாத இடத்தில்

கடைசியாக ஒரு குறிப்பு; இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். வாலிப்பாறை, தும்மக்குண்டு தாண்டி மலைமேல் அரசரடி, வெள்ளிமலைப் பக்கம் உன்னைக் கொண்டுபோவார்கள். 2021 முதல் இந்தக் காடெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். வழியில் டவர் எட்டாத ஓடைப்பள்ளம் ஒன்றில் இறங்குவாய். அங்கே உனக்குள் இருக்கும் கண்கட்டுக் கணிப்பை மட்டும் ஓடவிடாதே. அது நின்று யோசிக்காது. உயரத்தைச் சமமாக்கு என்றால் சமமாக்கும். வந்தது பேச்சா, வெறும் இரைச்சலா என்று கேட்காது. இரைச்சலையும் திருகித் திருகி ஒரு சேனலைக் கண்டுபிடித்து, ஒரு பிட் வரிசையையும் உன் கையில் கொடுத்துவிடும். மலையும் இல்லை, டவரும் இல்லை. ஆனால் விடை இருக்கும். பயிற்சி வரிசை இருக்கும் முறையில் அந்தத் தெரிந்த 26 பிட் வரவில்லை என்றால் ஒன்றும் வரவில்லை என்று உனக்குப் புரியும். அலோவுக்குக் கொடுத்த நூற்றுக்குப் பதினேழரையில் இந்த ஒரு தகவலும் சேர்த்திதான். வரவு செலவு பார்த்தவர்கள் இதை வரவில் எழுதவில்லை.

சிக்னல் செத்த இடத்தில் கணிதம் கைகொடுக்காது, டவர்தான் வேண்டும். மத்திய அரசுக்கும் அது தெரிந்துதான், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் டவர் போடும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. அது உன் ஓடைப்பள்ளத்துக்கு வரும்வரை வீம்புக்குத் தேடிக்கொண்டிருக்காதே. பலவீனமான டவரைப் பிடிக்க 2ஜி-யில் 2 வாட்வரை கத்துவாய். பேட்டரி ராத்திரிக்குள் காலியாகிவிடும். ஏரோப்ளேன் மோடில் போய்ப் படு. இந்தக் காட்டில் ராத்திரி உன்னிடம் கேட்கப் போவது டார்ச் மட்டும்தான். அதற்குச் சார்ஜ் வைத்துக்கொள்.